தங்கியவளும் சென்றவளும்

அனிதா தேசாயின் ‘கிளியர் லைட் ஒவ் டே’ (1980) என்னும் ஆங்கில நாவல், பழைய தில்லி வீடொன்றில் வளர்ந்து மனத்தாற் பிரிந்த சகோதரிகளைப் பற்றியது. மூத்தவள் பிம், மனவளர்ச்சி குன்றிய தம்பி பாபாவைப் பராமரித்துக்கொண்டு அவ்வீட்டிலேயே தங்கிவிடுகிறாள். தங்கை தாரா இராஜதந்திரி ஒருவனை மணந்து வெளிநாடு செல்கிறாள்.

கோப்பாய் வாசகருக்கு இவ்வமைப்புப் புதிதன்று. 1995இல் வலிகாமம் இடம்பெயர்ந்தபின், ஒருத்தி கனடாவிலும் மற்றவள் பழைய வளவிலுமாக வாழும் குடும்பங்கள் இங்கும் உள. ஆயின் தமக்கை தங்கையர் பிணக்கென்றதும் நமக்குச் சீதனக் காணியே நினைவில் எழும். தேசாய் அவ்வழி செல்லவில்லை. சிறுவயதில் தேனீக்கள் மொய்த்தபோது தமக்கையை விட்டோடியதைத் தாரா முதுமை நெருங்கியும் மறக்கவில்லை. பிம்மோ அதனை மனத்திற் கொள்ளவேயில்லை. பிம்மின் நெஞ்சில் தைத்திருப்பது வேறொன்று: வீட்டுரிமையாளனாகிவிட்ட சகோதரன் ராஜா, வாடகையை உயர்த்தமாட்டேனென்று பெருந்தன்மையோடு எழுதிய கடிதம். ஒருத்தி சுமக்கும் குற்றத்தை மற்றவள் அறியாதிருக்கும் இந்நிலையே நாவலின் உயிர்நாடி.

ஔரங்கசீப்பின் இறுதிநாள்களைப் பற்றி ஓரிரவு வாசித்ததும் பிம்மின் சினம் தணிவது சற்று விரைவானதே. எனினும், அக்கடிதத்தைக் கிழித்தெறிந்த பின்னரும் அவள் ராஜாவின் மகளது திருமணத்துக்கு ஹைதராபாத் செல்வதில்லை. அவனே வரட்டும் என்று தாராவிடம் சொல்லியனுப்புகிறாள்.