பிங் போனால் போதுமா?

லினக்ஸை ஒரு நெட்வொர்க் சிமுலேட்டரோடு இணைத்து, வயர்லெஸ் நெட்வொர்க்கை ஒரே லேப்டாப்பில் ஓட்டிக் காட்டும் செய்முறைகள் நிறைய இருக்கின்றன. சிமுலேட்டர் பெரும்பாலும் 2008-ல் முதலில் வெளியான என்எஸ்-3 தான். இரண்டு கன்டெய்னர், ஆளுக்கொரு டேப் இடைமுகம், நடுவில் என்எஸ்-3. கடைசியில் பிங் போகும், "வேலை செய்கிறது" என்று முடித்துவிடுவார்கள். எனக்கு அந்த முடிவோடுதான் தகராறு.

முதலில், கர்னலுக்கு இது வைஃபை என்றே தெரியாது. டேப் என்பது ஈதர்நெட் அட்டை போல நடிக்கும் மென்பொருள் இடைமுகம். சிக்னல் பலம் கேட்டால் பதில் வராது, ஸ்கேன் செய்யவும் முடியாது. சிக்னல் குறைந்தால் வேறு ஆக்சஸ் பாயிண்டுக்குத் தாவும் மென்பொருளை இதில் சோதிக்க வழியில்லை.

அடுத்தது நேரம். கர்னல் நிஜக் கடிகாரத்தில் ஓடுகிறது, சிமுலேட்டர் கணக்கில் ஓடுகிறது. இரண்டையும் சேர்த்து ஓட்ட என்எஸ்-3-ல் ரியல்டைம் முறை உண்டு. எதையும் மாற்றாமல் விட்டால் அது 'முடிந்தவரை' என்ற போக்கில் ஓடும். நோடுகள் கூடி சிபியு திணறினால் சிமுலேட்டர் சத்தமில்லாமல் பின்தங்கும். லேப்டாப்பின் தாமதம் பிங் நேரத்தில் சேர்ந்துவிடும், அதை நாம் நெட்வொர்க்கின் தாமதம் என்று எழுதுவோம். வரம்பு தாண்டினால் ஓட்டத்தையே நிறுத்திவிடும் முறையும் இருக்கிறது. அதைப் போட்டுப் பார்த்தவர்கள் குறைவு என்றே தோன்றுகிறது.

மூன்றாவதுதான் பெரிசு. எங்க கெலவரப்பள்ளி அணையை எடுத்துக்கோங்க. பெங்களூர்க் கழிவோடு வரும் தென்பெண்ணை இங்கே நுரை தள்ளுவது அடிக்கடி செய்தியாகும். மதகுப் பக்கம் தண்ணீரின் தரம் பார்க்கும் கருவி வைத்து, அக்கரைக்கு வைஃபையில் தகவல் அனுப்பணும் என்று வைத்துக்கொள்வோம். என்எஸ்-3 வழக்கமாகத் தரும் வைஃபை அமைப்பில் இருப்பது, தூரம் இரட்டித்தால் சுமார் 9 டெசிபல் இழப்பு என்ற ஒரே சூத்திரம். திறந்த வெளியில் அது 6. தண்ணீரில் பட்டுத் திரும்பும் அலை அதில் இல்லை. அக்கம்பக்கத்து வைஃபைகளும் இல்லை.

அந்தக் கடைசிக் குறை சின்னதல்ல. தேனி அரவிந்த் கண் மருத்துவமனையைக் கிராமக் கண் மையங்களோடு நீண்டதூர வைஃபையால் இணைத்த பெர்க்லி குழுவினர், பாக்கெட் ஏன் தொலைகிறது என்று சேனல் எமுலேட்டரிலும் நிஜ இணைப்புகளிலும் அளந்து 2007-ல் வெளியிட்டார்கள். முக்கியக் காரணமாக அவர்கள் கண்டது, வெளியிலிருந்து வரும் பிற வைஃபைகளின் குறுக்கீடு. சிமுலேட்டரில் அது தானாக வராது, நாமதான் அளந்து கொண்டுபோய் வைக்கணும்.

இந்த முறையே வீண் என்று சொல்லவில்லை. நிஜமான ரவுட்டிங் மென்பொருளை ஒரு வரியும் மாற்றாமல் ஓட்டிப் பிழை பிடிக்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது. ஆனால் அங்கே சோதிக்கப்படுவது மென்பொருள், காற்று அல்ல. செய்முறை எழுதுபவர்கள் மூன்று வரி சேர்த்தால் போதும்: எந்த இழப்புச் சூத்திரம், சிமுலேட்டர் எவ்வளவு பின்தங்கியது, காற்றில் வேறு யார் இருந்தார்கள்.