வரமும் கொடையும்

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தாராவி 90 அடிச் சாலையிலிருந்து மாட்டுங்கா லேபர் கேம்ப் வரை நடந்தால், ஒரு சந்தில் ஞானப்பாட்டு ஆர்மோனியத்தோடு கேட்கும். அடுத்த சந்தின் மாடி அறையில் கைத்தட்டலும் டிரம்ஸும் அந்நிய பாஷையும் கலந்து ஒலிக்கும். இன்னும் சற்றுத் தள்ளி, உறுதிபூசுதலுக்குத் தயாராகும் பிள்ளைகள் தூய ஆவியாரின் ஏழு கொடைகளை ஒப்பித்துக்கொண்டிருப்பார்கள். மூன்று இடங்களிலும் நெல்லைச் சீமைக் குடும்பங்களைப் பார்க்கலாம். தோல் பதனிடும் வேலைக்காக 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இங்கே வந்தவர்களின் பேரன் பேத்திகளும் அவர்களில் உண்டு. ஒரே வீட்டில் அண்ணன் ஒரு சபைக்கும், தம்பி வேறொரு சபைக்கும், மதினி மாதா கோயிலுக்கும் போவார்கள். மத்தியானம் ஒரே பானைச் சோற்றுக்குத் திரும்பியதும் பேச்சு தொடங்கும்: யாருக்கு வரம் இருக்கிறது, யாருக்கு இல்லை, எது ஆவியானவர் தந்தது, எது மனிதன் தானாகச் செய்வது.

அந்தப் பேச்சைக் கேட்டே வளர்ந்தவன் நான். வரங்களைக் குறித்து இந்த மலருக்கு எழுதும்படி சபை மூப்பர்கள் கேட்டபோது, அந்தச் சாப்பாட்டு நேரத்து வழக்கைத்தான் முதலில் நினைத்தேன். வழக்குக்குத் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. நம் மக்களிடையே இருக்கும் மரபுகளை வரிசைப்படுத்தி, எல்லா மரபுக்கும் பொதுவான அளவுகோல்கள் எவை என்று பார்ப்பதே நோக்கம்.

ஒரு சொல்லின் இரண்டு முகங்கள்

சீர்திருத்தத் திருச்சபைகளின் தமிழ் வேதாகமத்தைப் படிப்பவர்கள் 'ஆவிக்குரிய வரங்கள்' என்பார்கள். கத்தோலிக்கர் 'கொடைகள்' என்பார்கள். கிரேக்க மூலத்தில் பவுல் எழுதிய சொல் 'காரிஸ்மா'. கிருபையைக் குறிக்கும் 'காரிஸ்' என்ற சொல்லிலிருந்து பிறந்தது அது. தகுதி பார்க்காமல் அருளாகத் தரப்படுவது என்பது அதன் பொருள்.

'வரம்' என்ற சொல்லுக்குத் தமிழ்க் காதில் வேறொரு நெடிய வரலாறு இருக்கிறது. புராணத்தில் வரம் தவத்துக்குக் கிடைக்கும் கூலி. ஒற்றைக்காலில் நின்றவனுக்கு அது கிடைக்கும். கிடைத்தவன் மற்றவர்களைவிட உயர்ந்துவிடுவான். வரம் பெற்ற பஸ்மாசுரன் அதைக் கொடுத்தவர் தலையிலேயே சோதித்துப் பார்க்கக் கிளம்பிய கதையும் நமக்குத் தெரியும். அந்த நினைவோடு வேதத்தைத் திறக்கிற நாம், "நாற்பது நாள் உபவாசம் இருந்து வரம் வாங்கியவர்" என்று ஓர் ஊழியரைச் சிறப்பித்துச் சொல்லிவிடுகிறோம். உபவாசம் நல்லது. ஆனால் அதற்கு விலையாகக் கிடைப்பது பவுல் சொன்ன காரிஸ்மா ஆகாது.

'கொடை' என்றால் நெல்லைக்காரர் காதில் விழுவது கோயில் கொடை. வரி பிரித்து, ஊரே கூடி, ஊருக்கே சோறு போடும் நாள். அந்த வழிபாட்டை விட்டு வந்து பல தலைமுறை ஆன குடும்பங்களுக்கும் அந்தச் சொல்லின் ருசி தெரியும். தனி ஒருவருக்கு என்று கொடை நடப்பதில்லை. ஆவியின் வரத்தை இந்தப் பொருளில், ஊருக்கான கொடையாக, வாசிக்க வேண்டும் என்பதே நான் சொல்ல வந்தது.

வேதத்தின் பட்டியல்கள்

ரோமர் 12ஆம் அதிகாரத்தில் ஏழு வரங்கள் வருகின்றன: தீர்க்கதரிசனம், ஊழியம், போதித்தல், புத்திசொல்லுதல், பகிர்ந்துகொடுத்தல், தலைமை தாங்குதல், இரக்கம் செய்தல். 1 கொரிந்தியர் 12இல் ஒன்பது: ஞானம், அறிவு ஆகியவற்றைச் சொல்லும் வார்த்தைகள், விசுவாசம், குணமாக்குதல், அற்புதங்கள், தீர்க்கதரிசனம், ஆவிகளைப் பகுத்தறிதல், பற்பல பாஷைகள், அவற்றின் வியாக்கியானம். எபேசியர் 4 ஆட்களையே வரமாகச் சொல்கிறது: அப்போஸ்தலர், தீர்க்கதரிசிகள், சுவிசேஷகர், மேய்ப்பர், போதகர். 1 பேதுரு 4 எல்லாவற்றையும் பேசுதல், பணிசெய்தல் என்று இரண்டே வகையில் அடக்கிவிடுகிறது. ஒரு பட்டியல் இன்னொன்றைப் போல இல்லை. எந்த ஒன்றையும் முழுப் பட்டியலாகக் கொள்ளக் கூடாது என்பதற்கு அதுவே சான்று.

கத்தோலிக்க மறைக்கல்வியில் வரும் ஏழு கொடைகள் வேறு ஊற்றிலிருந்து வருபவை. ஏசாயா 11இல் எபிரேய மூலம் ஆறு கொடைகளைத்தான் சொல்கிறது. கிரேக்க, லத்தீன் மொழிபெயர்ப்புகள் இறைப்பற்றைச் சேர்த்து ஏழாக்கின. இவை ஒருவரின் உள்ளத்தைப் பக்குவப்படுத்துபவை. பவுலின் பட்டியல் சபையின் வேலைக்கானது. இந்த வேறுபாடு தெரியாமல்தான் அண்ணனும் மதினியும் பாதி நாள் வாதாடுகிறார்கள்.

கொரிந்து ஒரு துறைமுக நகரம். பல ஊரிலிருந்து பிழைக்க வந்தவர்கள், பணக்காரர், அடிமைகள் எல்லாரும் ஒரே சபையில் இருந்தார்கள். நம் மும்பையைப் போலத்தான். வரங்களைப் பேசும் 12ஆம் அதிகாரத்துக்கு முந்தைய அதிகாரத்தில், கர்த்தருடைய பந்தியில் ஒருவர் வயிறு நிறையத் தின்ன, இன்னொருவர் பசியோடிருப்பதைப் பவுல் கண்டிக்கிறார். பசியைக் கவனிக்காத சபைக்குத்தான் வரங்களைப் பற்றிப் பாடம் தேவைப்பட்டது.

ரயில் பாதையில் இரண்டு எழுப்புதல்கள்

இந்த வரங்கள் அமெரிக்காவிலிருந்து வந்த புதுப் பழக்கம் என்று சிலர் சொல்வார்கள். அவர்கள் சுட்டுவது லாஸ் ஏஞ்சல்ஸில் வில்லியம் சீமோர் நடத்திய அசுசா தெருக் கூட்டங்களை. அவை 1906இல் தொடங்கின. அதற்கு 46 ஆண்டுகளுக்கு முன்பே, 1860இல், திருநெல்வேலிச் சீமையில் அந்நிய பாஷையும் தீர்க்கதரிசனமும் வியாக்கியானமும் வெளிப்பட்டன. அந்த எழுப்புதலின் நடுவில் இருந்தவர் ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் (1810–1867). பாளையங்கோட்டையில் மிஷனரி இரேனியுஸ் ஐயரிடம் படித்தவர். மிஷனரி அந்தோனி நாரிஸ் குரோவ்ஸ் காட்டிய வழியில், மிஷன் சம்பளம் இல்லாமல் விசுவாசத்தில் ஊழியம் செய்தவர். கிறிஸ்தியான்பேட்டை என்ற கிராமத்தை உருவாக்கி அங்கிருந்து பணியாற்றினார். பெண்களும் பேசினார்கள். எழுப்பப்பட்டவர்கள் இரண்டிரண்டு பேராகக் கிராமங்களுக்குப் புறப்பட்டார்கள். அருளப்பனின் நாட்குறிப்புகளைக் கொண்டு ஜி. எச். லாங் எழுதிய நூல் 1939இல் வந்தது.

மும்பையிலிருந்து நாகர்கோவில் விரைவு வண்டியில் ஊருக்குப் போகும்போது, புணேவைத் தாண்டி தவுண்ட் வருவதற்கு முன் கேட்காவ் என்ற சிறிய நிலையத்தைக் கடப்போம். பண்டித ரமாபாயின் முக்தி மிஷன் அங்கேதான் இருக்கிறது. 1889இல் பம்பாயில் சாரதா சதனம் என்ற பெண்கள் இல்லத்தைத் தொடங்கியவர் ரமாபாய். கேட்காவில் அவர் காப்பாற்றியவர்கள் பஞ்சத்தில் அநாதையான சிறுமிகளும் இளம் விதவைகளும். 1905இல் அவர்களிடையே எழுப்புதல் உண்டானது: அழுகை, பாவ அறிக்கை, விடாத ஜெபம், பின்பு அந்நிய பாஷை. முக்தியில் ஊழியம் செய்த மின்னி ஏப்ரம்ஸ் எழுதிய புத்தகம் தென் அமெரிக்காவின் சிலி நாட்டுக்குப் போய், 1909இல் அங்கே எழுந்த பெந்தெகொஸ்தே இயக்கத்துக்கு விதையானது. அந்நிய பாஷையை ரமாபாய் தடுக்கவில்லை. அதை மட்டுமே ஆவியின் அடையாளம் என்று ஒப்புக்கொள்ளவும் இல்லை. அன்பிலும் ஊழியத்திலும் மாற்றம் தெரிகிறதா என்று பார்த்தார்.

கேட்காவைக் கடந்து நெல்லை போய்ச் சேரும் அந்த ஒரே பாதையில் நம் மண்ணின் இரண்டு எழுப்புதல்கள் இருக்கின்றன. இரண்டிலும் ஆவியானவர் பயன்படுத்தியது அன்றைய சமூகம் ஒதுக்கிவைத்த மக்களை.

நான்கு மரபுகள்

இன்று தாராவி, மாட்டுங்கா, செம்பூர்த் தமிழர்களிடையே நான்கு போக்குகளைக் காணலாம்.

முதலாவது, பழைய மிஷன் சபைகளின் மரபு. அற்புத வரங்கள் அப்போஸ்தலர் காலத்தோடு நின்றுவிட்டன என்பது இவர்களில் ஒரு சாராரின் கருத்து. பிரின்ஸ்டன் பேராசிரியர் வார்ஃபீல்டு 1918இல் வெளியிட்ட நூல் இதன் வலுவான வாதம். மற்றொரு சாரார் வரங்கள் உண்டு என்பார்கள். ஆனால் போதனை, மருத்துவப் பணி, கல்வி இவற்றில் அவற்றைக் காண்பார்கள். ஒழுங்கும் நிதானமும் இந்த மரபின் பலம். பலிபீடத்தில் நிற்பவரைத் தவிர மற்றவர்கள் வெறும் பார்வையாளராகிவிடுவது பலவீனம்.

இரண்டாவது, பெந்தெகொஸ்தே மரபு. ஆவியின் அபிஷேகத்துக்கு அந்நிய பாஷையே முதல் அடையாளம் என்பது இதில் பல சபைகளின் உபதேசம். 1914இல் உருவான அசெம்பிளீஸ் ஆஃப் காட் இதை எழுத்திலேயே வைத்தது. தமிழர்களிடையே ஆழமாக வேரூன்றிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன், பாஸ்டர் பால் தலைமையில் 1920களில் கொழும்பில் தொடங்கியது. வெள்ளுடை அணிந்த, மணம் செய்யாத ஊழியர்கள் விசுவாச வீட்டில் கூட்டாக வாழ்வது அதன் தனி அடையாளம். கூலி வேலை செய்யும் ஒரு பெண் எழுந்து நின்று சபைக்கு முன் வாய் திறந்து பேச இடம் கொடுத்தது இந்த மரபு. அதை மறந்துவிட்டு இதைக் குறைசொல்லக் கூடாது.

மூன்றாவது, கத்தோலிக்க மரபு. மாஹிம் புனித மிக்கேல் ஆலயத்தில் 1948 முதல் நடக்கும் புதன்கிழமை நவநாளுக்குச் சுகம் வேண்டிப் பல மதத்தாரும் வருகிறார்கள். 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், தனி வரங்கள் எல்லா நிலை இறைமக்களுக்கும் தரப்படுகின்றன என்றும், அவற்றைச் சோதித்தறியும் பொறுப்பு ஆயர்களுடையது என்றும் எழுதிவைத்தது. 1967இல் அமெரிக்காவில் தொடங்கிய அருங்கொடை இயக்கம் 1970களின் தொடக்கத்திலேயே மும்பைக்கு வந்துவிட்டது.

நான்காவது, சபை எல்லை கடந்த சுகமளிக்கும் கூட்டங்கள். டி. ஜி. எஸ். தினகரன் (1935–2008) அதற்குத் தமிழ்நாடெங்கும் அறியப்பட்ட முகம். இங்கே மேடை பெரியது, கூட்டம் பெரியது. வந்தவரை அடுத்த வாரம் விசாரிக்க மட்டும் அங்கே ஆள் இருப்பதில்லை. அந்த வேலை உள்ளூர்ச் சபையின் தலையில்தான் விழும்.

அளவுகோல்கள்

எந்த மரபானாலும் ஐந்து கேள்விகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

ஒன்று, யாருக்குப் பயன்? பவுலின் முதல் அளவுகோல் சபையின் பக்திவிருத்தி. வரம் பெற்றவர் வளர்ந்து, சபை தேய்ந்தால் அங்கே ஏதோ தவறு.

இரண்டு, ஒழுங்கு இருக்கிறதா? அந்நிய பாஷை பேசுபவர் இருவர், மிஞ்சினால் மூவர்; ஒருவர் பின் ஒருவராக; வியாக்கியானம் செய்ய ஆள் இல்லையென்றால் சபையில் மௌனம். பத்துக்குப் பத்து அடி அறையில் ஒலிபெருக்கியைச் சந்துக்குத் திருப்பி வைப்பது, அடுத்த வீட்டில் இரவு வேலை முடித்துத் தூங்குபவருக்குப் பக்திவிருத்தி ஆகாது.

மூன்று, சோதிக்க அனுமதி உண்டா? தீர்க்கதரிசனம் சொன்னால் மற்றவர்கள் அதை நிதானிக்க வேண்டும் என்கிறார் பவுல். குறி சொல்வதற்கும் தீர்க்கதரிசனத்துக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் வெளிப்படுகிறது. குறியை யாரும் கேள்வி கேட்பதில்லை. அது ஒருவருடைய வேலை, கல்யாணம், பகையாளி பற்றியது. தீர்க்கதரிசனம் சபையைத் தேற்றுவது, கண்டிப்பது, கட்டுவது. "உன் வீட்டில் செய்வினை வைத்தது உன் நாத்தனார்" என்று ஒருவர் ஜெபத்தில் சொன்னால், அது நாம் விட்டு வந்த குறிதான், வேதாகமத்தைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறது. அப்படிச் சொன்ன ஒரு வார்த்தையால் பத்தாண்டுகளாகப் பேசாமல் இருக்கும் இரண்டு குடும்பங்களை நான் அறிவேன்.

நான்கு, பணம் எங்கே போகிறது? ஆதித் திருச்சபையின் 'திதாக்கே' என்ற கைநூல் இதில் மிகக் கண்டிப்பானது. ஊர் ஊராக வரும் ஊழியர் மூன்று நாள் தங்கினாலோ, புறப்படும்போது பணம் கேட்டாலோ அவர் கள்ளத் தீர்க்கதரிசி என்கிறது. ஏழைக்காகக் கேட்டால் மட்டும் குற்றமில்லை.

ஐந்து, சாட்சி உண்மையா? புனித அகுஸ்தினார் முதலில் அற்புதங்களின் காலம் போய்விட்டது என்று நினைத்தவர். பின்னாளில் ஹிப்போவில் நடந்த சுகங்களைக் கண்டு மனம் மாறினார். மாறியவர் செய்த ஒரு வேலை, சுகம் பெற்றவர்களின் சாட்சிகளை எழுதி வாங்கிச் சபையில் வாசிக்க வைத்தது. இரண்டாண்டுக்குள் ஏறத்தாழ 70 ஏடுகள் சேர்ந்தன. விசுவாசிக்கிறவர் சரிபார்க்கப் பயப்பட வேண்டியதில்லை என்பதே அதில் நமக்குப் பாடம்.

தாராவியில் இது உயிர்ப் பிரச்சினை. காசநோய் நம் சந்துகளை விட்டுப் போகவில்லை. மாத்திரையை மாதக்கணக்கில் விடாமல் சாப்பிட வேண்டும். நடுவில் நிறுத்தினால் மருந்துக்குக் கட்டுப்படாத காசமாக அது திரும்பி வரக்கூடும். எங்கள் பகுதியில் ஓர் இளைஞர், கூட்டமொன்றில் சுகம் அறிவிக்கப்பட்டதும் மாத்திரையை நிறுத்தினார். அவர் உயிரோடு இல்லை. குணமாக்கும் வரத்தை நான் நம்புகிறேன். நம்புவதால்தான் சொல்கிறேன்: கைவைத்து ஜெபித்தவர், மறுநாள் சயான் ஆஸ்பத்திரி வரிசையில் அந்தப் பிள்ளையோடு நிற்கவும் வேண்டும். சுகமானதைச் சளிப் பரிசோதனை காட்டட்டும். அதன் பிறகு சாட்சி சொல்லலாம். மாய மருத்துவ விளம்பரங்களைத் தடுக்க 1954 முதல் நாட்டில் சட்டம் இருக்கிறது. சட்டம் வந்து நம்மைத் திருத்தும்வரை சபை காத்திருக்க வேண்டியதில்லை.

பட்டியலில் இருந்தும் பாராதவை

1 கொரிந்தியர் 12ஆம் அதிகாரத்தின் கடைசியில் பவுல் இன்னொரு பட்டியல் தருகிறார். அதில் குணமாக்கும் வரத்துக்கும் பலவித பாஷைகளுக்கும் நடுவே இரண்டு வரங்கள் இருக்கின்றன: பிறருக்குத் துணைநிற்றல், நிர்வகித்தல். அவற்றுக்காக உபவாசக் கூட்டம் போட்ட சபையை நான் பார்த்ததில்லை.

2020இல் பொதுமுடக்கம் வந்து ஆலயங்கள் பூட்டப்பட்டபோது, எங்கள் சந்தில் ஓர் அம்மா எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று தெரிந்து வைத்திருந்தார். தன் வீட்டு அரிசியில் பாதி, ஊராரிடம் கேட்டு வாங்கியது பாதி. சபை பார்த்துக் கொடுக்கவில்லை, மதம் பார்த்தும் கொடுக்கவில்லை. தாராவி மறுசீரமைப்புக்காக 2024இல் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. செம்பூரில் அடுக்குமாடிக்குக் குடிபோன நம் பிள்ளைகள் சிலர், சனிக்கிழமை மாலை பழைய சந்துக்கு வந்து, வாசிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு ரேஷன் கார்டு, மின்கட்டண ரசீது, பழைய அத்தாட்சிகளை வருஷ வாரியாக அடுக்கிக் கொடுக்கிறார்கள். பவுலின் பட்டியலில் நிர்வகித்தல் என்பது இதுதான்.

மூப்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஆண்டுக்கு ஒரு ஞாயிறு, இந்தப் பட்டியல்கள் ஐந்தையும் சபையில் உரக்க வாசியுங்கள். ஒவ்வொரு வரத்தையும் வாசித்ததும் நிறுத்தி, இது நம்மில் யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். தனக்கு இருப்பதாகச் சொல்பவர் அல்ல, அந்த வரத்தால் பயன் பெற்றவர் எழுந்து நின்று பெயரைச் சொல்லட்டும். அந்த அம்மா இன்றும் கடைசி வரிசையில்தான் உட்காருகிறார். சாட்சி நேரத்தில் எழுந்திருக்கச் சொன்னால், தனக்கு வரம் ஒன்றும் கிடையாது என்று கையசைத்துவிடுவார். துணைநிற்றல் என்று வாசித்து நிறுத்தும்போது, அவர் பெயரைச் சொல்ல எங்கள் சந்தே எழுந்து நிற்கும்.