நஷ்டத்தில் தெரியும் பாணி

சங்கீதத்தைப் போலவே பங்குச்சந்தையிலும் பாணிகள் உண்டு. எதை வாங்குவது என்பதில் ஒன்றுக்கொன்று ஒத்தே போகாத பாணிகள். ஒருவர் எந்தப் பாணிக்காரர் என்று அறிய, அவர் வாங்கும் பட்டியலைப் பார்த்துப் பயனில்லை. வாங்கிய பங்கு விழும்போது என்ன செய்கிறார் என்று பார்க்கவேண்டும்.

மூத்த மரபு பெஞ்சமின் கிரஹாமுடையது. டேவிட் டாடுடன் 1934-இல் எழுதிய 'செக்யூரிட்டி அனாலிசிஸ்', தனியாக 1949-இல் எழுதிய 'தி இன்டெலிஜென்ட் இன்வெஸ்டர்' இரண்டும் அதன் மூலநூல்கள். 1929-இல் தொடங்கிய சரிவில் அவர் நிர்வகித்த பணத்தில் சுமார் 70 சதவீதம் கரைந்தது. அடிபட்டவர் எழுதியது என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரியும். 100 ரூபாய் பெறும் என்று கணித்த பங்கை 65 ரூபாய்க்குக் கிடைத்தால்தான் தொடு என்பது இந்த மரபின் போக்கு. அந்த 35 ரூபாய், நம் கணக்கே தப்பாக இருக்கக்கூடும் என்பதற்காக விட்டுவைத்த இடம். நிறுவனம் கெடாமல் விலை மட்டும் விழுந்தால் இவர்கள் விற்பதில்லை. கையில் பணம் இருந்தால் இன்னும் வாங்குவார்கள். ஆனால் மொத்தச் சேமிப்பில் பங்குகளின் அளவு 25 சதவீதத்துக்குக் கீழேயும் போகக்கூடாது, 75-ஐத் தாண்டவும் கூடாது என்று கிரஹாம் எல்லை கட்டினார். 'கிரஹாம் வழி' என்று சொல்லிக்கொள்ளும் பலர் வசதியாக மறப்பது இந்த எல்லையைத்தான்.

இதற்கு நேர் எதிர்த் திசையில் இருப்பது விலையின் போக்கைப் பின்பற்றும் மரபு. 1983-இல் சிகாகோ வியாபாரி ரிச்சர்ட் டென்னிஸ், இந்தத் தொழிலைச் சொல்லிக்கொடுத்து வரவழைக்க முடியும் என்று தன் கூட்டாளி வில்லியம் எக்ஹார்ட்டிடம் பந்தயம் கட்டி, புதியவர்கள் சிலரைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார். 'ஆமைகள்' என்று பெயர்பெற்ற அந்த மாணவர்களுக்குக் கிடைத்த பாடத்தின் உயிர்நாடி, எப்போது வாங்குவது என்பதைக் காட்டிலும் எவ்வளவு வாங்குவது என்பதில் இருந்தது. ஒரே வியாபாரத்தில், மூலதனத்தில் ஏறக்குறைய 2 சதவீதத்துக்கு மேல் இழக்கக்கூடாது.

கணக்கு எளிது. மூலதனம் 5 லட்சம். ஒரு வியாபாரத்தில் 1 சதவீதம், அதாவது 5,000 ரூபாய் போனால் தாங்கலாம் என்று வைத்துக்கொள்வோம். 400 ரூபாய்ப் பங்குக்கு 380-இல் ஸ்டாப் லாஸ், அதாவது அந்த விலைக்கு விழுந்ததும் விற்றுவிடுவது. பங்குக்கு 20 ரூபாய் ஆபத்து. ஆகவே 250 பங்கு, அதற்கு மேல் ஒன்றுகூட இல்லை. தொடர்ந்து பத்து முறை தோற்றாலும், முறைக்கு 2 சதவீதம் வைப்பவரிடம் மூலதனத்தில் 81 சதவீதத்துக்கு மேல் மிஞ்சும். முறைக்கு 10 சதவீதம் வைப்பவரிடம் 35-கூட இராது. பாதி முதலை இழந்தவர் பழைய இடத்துக்கு வரவே அதை இரட்டிப்பாக்கவேண்டும்.

விதி தெரிந்தால் போதுமா என்றால், பங்கு வியாபாரி ஜெஸ்ஸி லிவர்மோர் இருக்கிறார். நஷ்டத்தில் இருப்பதை ஆவரேஜ் செய்யாதே என்று எழுதியவர். 1929 சரிவில் பெரும்பணம் பார்த்து, 1934-இல் திவாலாகி, 1940-இல் தற்கொலை செய்துகொண்டார்.

ஸ்டாப் லாஸ் காப்பாற்றாத நாட்களும் உண்டு. 2009 ஜனவரி 7 அன்று, கணக்குகளைத் திரித்ததாக சத்யம் நிறுவனத்தின் தலைவர் ஒப்புக்கொண்டதும் பங்கு ஒரே நாளில் முக்கால்வாசிக்கு மேல் விழுந்தது. அது அப்போது சென்செக்ஸ் பட்டியலில் இருந்த பங்கு. இப்படிப்பட்ட நாளுக்கு மருந்து, பணத்தைப் பரப்பி வைப்பது ஒன்றுதான். ஹாரி மார்க்கோவிட்ஸ் 1952-இல் அதற்குக் கணித உருவம் கொடுத்தார். ஜான் போகல் 1976-இல் இண்டெக்ஸ் ஃபண்டாகச் சாதாரண மக்கள் கைக்குக் கொண்டுவந்தார். சுயமாக முதலீடு செய்பவருக்கு இந்த மூன்றாம் மரபு சுவாரசியம் குறைந்ததுதான். ஆனால் அவர் தன்னை அளந்துகொள்ள வேறு கோல் இல்லை. ஐந்தாண்டு உழைத்தும் நிஃப்டி தந்ததைவிடக் குறைவாகவே வந்தால், உழைப்பு பொழுதுபோக்காகிவிட்டது என்று அர்த்தம்.

டிப்ஸ் கேட்டு வாங்குவதை ஒரு மரபாக நான் சேர்க்கவில்லை. விற்கும் நேரத்தில் டிப்ஸ் வருவதில்லை.

மனம் இந்த மரபுகளையெல்லாம் கலைப்பது ஒரே இடத்தில். மூன்று நாளில் விற்க வாங்கிய பங்கு 15 சதவீதம் விழுந்ததும் 'லாங் டெர்ம்' ஆகிவிடுகிறது. பத்து வருஷத்துக்கு என்று வாங்கியது 20 சதவீதம் ஏறியதும் லாபம் புக் செய்யப்படுகிறது. லாபம் தரும் மகிழ்ச்சியைவிட அதே அளவு நஷ்டத்தின் வலி பெரிது என்று உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979-இல் காட்டினார்கள். டெரன்ஸ் ஓடியன் அமெரிக்கத் தரகு நிறுவனம் ஒன்றின் 10,000 கணக்குகளை ஆராய்ந்து 1998-இல் வெளியிட்ட கட்டுரையில், மக்கள் லாபத்தில் இருப்பதை விற்று நஷ்டத்தில் இருப்பதை வைத்துக்கொள்வது பதிவானது. விற்கப்பட்டவை, அடுத்த ஓராண்டில், வைத்துக்கொண்டவற்றைவிட நன்றாகப் போயின.

கடன் வாங்கியோ மார்ஜினிலோ செய்தால் இந்த மனத்தோடு நேரமும் எதிரியாகிறது. 2021-22 முதல் 2023-24 வரையான மூன்று நிதியாண்டுகளில், மார்ஜினில் நடக்கும் எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ் அண்ட் ஆப்ஷன்ஸ்) வியாபாரம் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள், மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் என்பது செபியின் ஆய்வு.

ஆகவே முதல் இரண்டு பாணியும் வேண்டும் என்பவருக்கு இரண்டு டீமேட் கணக்கு நல்லது. சட்டம் அதைத் தடுப்பதில்லை. நெடுநாளைக்கு வாங்கியது ஒன்றில், குறுகிய கால வியாபாரம் மற்றதில். ஒன்றிலிருந்து மற்றதற்குப் பங்கை மாற்றுவதில்லை என்று வைத்துக்கொண்டால், தோற்ற வியாபாரம் 'முதலீடு' என்ற பெயரில் ஒளிய இடமிராது. வருமான வரியிலும் ஒரு சௌகரியம்: முதலில் வாங்கியதே முதலில் விற்றதாகும் என்ற கணக்கு, டீமேட் கணக்குவாரியாகத்தான் பார்க்கப்படுகிறது. நேற்று வாங்கியதை இன்று விற்க, பத்து வருஷமாக வைத்திருக்கும் பங்கு கணக்கில் கழிந்துபோகாது.