ஒற்றை வரியும் எல்லையும்: தரவு அறிவியல் மாநாட்டுப் பதாகை, குறுவுரை குறித்த ஒரு மதிப்பீடு

முன்னுரை

தரவு அறிவியல் மாநாடுகளில் பெரும்பாலான ஆய்வுகள் இரண்டு வடிவங்களில் அரங்கேறுகின்றன. ஒன்று, போஸ்டர் எனப் பரவலாக வழங்கும் ஆய்வுப் பதாகை. மற்றொன்று, சில மணித்துளிகளில் முடியும் குறுவுரை. இவை குறித்த வழிகாட்டிகள் எழுத்தளவு, நிறம், நேரம் ஆகியவற்றோடு நின்றுவிடுகின்றன. இவற்றை உரைவகைகளாகக் கொண்டு, எதைச் சொல்கின்றன, எதை விடுகின்றன என நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். 2019இல் மைக் மாரிசன் முன்வைத்த பதாகை வடிவம் ஆய்வுப்பொருளாகவும், நன்னூலின் பாயிர இலக்கணம் அளவுகோலாகவும் கொள்ளப்படுகின்றன.

பதாகையும் குறுவுரையும்

பதாகையை இரண்டாம் தர வாய்ப்பாகக் கருதும் போக்கு உண்டு. 2017இல் லாங் பீச்சில் நடைபெற்ற நிப்ஸ் மாநாட்டுக்கு வந்த 3,240 கட்டுரைகளுள் 678 ஏற்கப்பட்டன. அவற்றுள் 40 உரைக்கும் 112 குறுவுரைக்கும் தேர்வாயின. எஞ்சியவை பதாகையாக மட்டுமே இடம்பெற்றன. இன்றைய பெருமொழி மாதிரிகளுக்கு அடித்தளமான ‘அட்டென்ஷன் இஸ் ஆல் யூ நீட்’ கட்டுரை அந்த எஞ்சியவற்றுள் ஒன்று. ஆகவே வடிவத்தைக் கொண்டு ஆய்வின் தரத்தை அளவிட இயலாது.

இரண்டுக்கும் உள்ள உண்மையான வேறுபாடு, செய்தியின் வரிசையை யார் முடிவு செய்கிறார் என்பதில் உள்ளது. குறுவுரையில் பேசுவோர் முடிவு செய்கிறார். பதாகையின் முன் கேட்போர் முடிவு செய்கிறார். குறுவுரையில் விடுபட்டதை மீட்பது அரிது. பதாகையில் விடுபட்டதை ஒரு வினா மீட்டுவிடும். ஆனால் பார்வையாளர் நின்று, அவ்வினாவைக் கேட்க வேண்டும்.

மாரிசனின் வடிவம்

மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் உளவியல் ஆய்வு மாணவராக இருந்தபோது மாரிசன் யூடியூப் காணொளி வழியாகத் தம் வடிவத்தை வெளியிட்டார். முதன்மை முடிவு எளிய நடையில் பதாகையின் நடுவே பேரெழுத்தில் அமையும். கியூஆர் குறியீடு முழுக் கட்டுரைக்கு இட்டுச் செல்லும். முறையியலும் விவரங்களும் ஓரப் பத்திகளுக்கு நகரும். சிற்றெழுத்துச் சுவராக இறுகிப்போன பழைய பதாகைக்கு இது தக்க மறுப்பு. நிற்காமல் கடந்து செல்பவரும் ஒன்றைக் கற்றுச் செல்ல வேண்டும் என்பதே இதன் அடிப்படை.

சிக்கலும் அவ்வடிப்படையிலேயே உள்ளது. கடந்து செல்பவர் ஓரப் பத்தியைப் படிப்பதில்லை, வினாவும் கேட்பதில்லை. அவர் கொண்டு செல்வது நடுவரி ஒன்றையே. எனவே அவ்வரி தனித்து நிற்கும் தகுதி பெற்றிருக்க வேண்டும்.

எல்லை என்னும் உறுப்பு

நன்னூல் சிறப்புப் பாயிரத்துக்கு எட்டுச் செய்திகளை வகுக்கிறது. நுதலிய பொருள், பயன், கேட்போர் ஆகியவற்றோடு நூல் வந்த வழியும் நூல் வழங்கும் எல்லையும் அவற்றுள் அடங்கும். மாரிசனின் நடுவரி பொருளையும் பயனையும் கேட்போரையும் செம்மையாகப் பேணுகிறது. வழியையும் எல்லையையும் ஓரத்துக்குத் தள்ளுகிறது. எல்லை என்பதை ஒரு முடிவு செல்லுபடியாகும் பரப்பு எனத் தரவு அறிவியலுக்கு விரித்துக்கொண்டால், இழப்பின் அளவு புலப்படும்.

2018இல் ஜாய் புவோலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் வெளியிட்ட ‘ஜெண்டர் ஷேட்ஸ்’ ஆய்வு இதற்குச் சான்று. முகப்படத்தைக் கொண்டு பாலினம் கணிக்கும் மூன்று வணிக மென்பொருள்களை அது சோதித்தது. அவற்றுள் ஒன்றன் ஒட்டுமொத்தத் துல்லியம் 87.9 விழுக்காடு, அதே மென்பொருள் கருநிறப் பெண்களிடம் 34.7 விழுக்காடு பிழை செய்தது. பேரெழுத்தில் முதல் எண்ணை மட்டும் இட்டால் அது பொய்யாகாது. ஆயினும் படிப்பவரைத் தவறான முடிவுக்கே இட்டுச் செல்லும்.

தமிழ்த் தரவாய்வுக்கும் இது பொருந்தும். 2020இல் வெளிவந்த தமிழ்–ஆங்கிலக் கலப்பு உணர்வுத் தரவுத்தொகுதியில் 15,744 யூடியூப் பின்னூட்டங்கள் உள்ளன. அதில் பயிற்றிய ஒரு மாதிரியைப் பற்றி, ‘தமிழில் உணர்வை எம் மாதிரி கண்டறிகிறது’ என எழுதுவது ஒரு முறை. ‘யூடியூப் பின்னூட்டக் கலப்புத் தமிழில் கண்டறிகிறது, பிற நடைகளில் சோதிக்கப்படவில்லை’ என எழுதுவது மற்றொரு முறை. பின்னது சற்று நீளம். எனினும் செய்தித்தாள் நடையை ஆராயும் ஒருவர் அம்மாதிரியைத் தம் தரவுக்கு அப்படியே பொருத்திவிடாமல் அதுவே தடுக்கும்.

முடிவுரை

எல்லை உரைத்தால் சுருக்கம் கெடும் என்பது இங்கு எழக்கூடிய மறுப்பு. சுருக்கம் வேண்டப்படுவது பொருள் விரைந்து சேர்வதற்காக. எல்லை இன்றிச் சேரும் பொருள் ஆய்வாளர் கண்டறிந்த பொருளே அன்று. மாரிசனின் வடிவத்தைக் கைவிட வேண்டியதில்லை. நடுவரியிலேயே எல்லையையும் அதே எழுத்தளவில் இடுவதும், குறுவுரையின் முதல் மணித்துளியிலேயே தரவின் வழியைக் கூறுவதும் போதுமானவை. துறைக் கருத்தரங்குகளில் பதாகைக்கு மதிப்பெண் வழங்குவோர் தோற்றத்தோடு இவ்விரண்டையும் அளவுகோலில் சேர்த்தல் வேண்டும்.