நடு நாற்காலியில் இருப்பவள்

அழகு அறுவை சிகிச்சை பற்றிய பெண்ணிய விமர்சனம் பெரும்பாலும் இருவரையே பார்க்கிறது: கத்தி பிடிப்பவர், கத்திக்கு முகம் கொடுப்பவள். கேத்தி டேவிஸின் 'ரீஷேப்பிங் த ஃபீமேல் பாடி' (1995), சிகிச்சை செய்துகொண்ட நெதர்லாந்துப் பெண்களின் பேச்சைக் கேட்டு, அவர்களை ஏமாளிகள் என ஒதுக்க மறுத்தது. அது முக்கியமான நகர்வு. ஆனால் இருவருக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும் ஊழியப் பெண்ணிடம் யார் பேசினார்கள்?

சியோலின் கங்னம் கிளினிக்குகளில் அவள் 'சாங்டாம் சில்ஜாங்', அதாவது ஆலோசனை அறைப் பொறுப்பாளர். பெரும்பாலும் மருத்துவர் அல்ல. என்ன செய்துகொள்ளலாம், எவ்வளவு ஆகும் என்று பேசி முடிப்பது அவள் வேலை.

ஆர்லி ஹாக்ஷீல்ட் 'த மேனேஜ்டு ஹார்ட்' (1983) நூலில் உணர்ச்சி உழைப்பின் இரு முனைகளைக் காட்டினார். விமானப் பணிப்பெண் எதிரில் இருப்பவரை உயர்த்த வேண்டும். கடன் வசூலிப்பவர் தாழ்த்த வேண்டும். இந்த நாற்காலியில் இரண்டும் ஒருத்தியின் வேலை. முதலில் குறையைக் காட்டுகிறாள், பிறகு ஆறுதல் சொல்கிறாள்.

செவிலி வேலையை விட்டு இங்கே வருபவளை எண்ணிப் பாருங்கள். வலியை முகத்தில் படிக்க அங்கே பழகியவள். அதே திறமை இங்கே விற்பனைக்குப் பயன்படுகிறது. அவள் முகமும் கடையில் வைத்த மாதிரிச் சரக்காகிறது.

அவளைத் துரோகி என்பது சுலபம். சம்பளமும் ஓய்வும் பார்த்து வேலை மாறுவது குற்றமில்லை. டேவிஸ் சிகிச்சை பெற்றவளுக்குக் கொடுத்த காதை இவளுக்கும் கொடுக்காதவரை, நம் விமர்சனம் பாதிதான்.