சிதறிய ஒலியும் சிறிய மாற்றமும்

‘சிறியது புறக்கணிக்கத்தக்கது’ என்பது பௌதிக பாடத்தில் நாம் மாணவர்க்கு அடிக்கடி கூறும் வாசகம். திண்பொருளினுட் செல்லும் ஒலிக்கு இஃது எவ்வளவு பொருந்தும் என ஆராய்தல் தகும்.

இறேலி பிரபு 1877, 1878 ஆம் ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளியிட்ட ஒலிக் கொள்கை நூல் இத்துறைக்கு அடிப்படையானது. ஊடகத்தின் அடர்த்தியோ மீள்தன்மையோ ஓரிடத்திற் சிறிது வேறுபடின், அவ்விடம் புதியதோர் ஒலிமுதல் போல நின்று துணையலைகளைப் பரப்பும் என்பது அவர் கண்ட முறை. அம்முறை செம்மையானதே. ஆயின், ஒருமுறை சிதறிய அலை மீண்டுஞ் சிதறாது என்னும் எடுகோளின்மீது அது நிற்பது. கருங்கல்லிலும் கொங்கிறீற்றிலும் ஒலி பன்முறை சிதறும். நேரலை கடந்தபின் நெடிது நீடிக்கும் அந்த ஒழுங்கற்ற பின்னலையை வீணொலியெனத் தள்ளுதல் வழக்கமாயிற்று.

அவ்வழக்கின் குறையை ஒரு சிறு கணக்கு உணர்த்தும். 5 சதமீற்றர் நீளமுள்ள கல்லில் ஒலி செக்கனுக்கு 5000 மீற்றர் வேகத்திற் செல்வதாகக் கொள்வோம். நேரலை 10 மைக்கிரோசெக்கனில் மறுமுனையை அடையும். வேகம் ஆயிரத்திலொரு பங்கு குறையின் அதன் தாமதம் 0.01 மைக்கிரோசெக்கனே. கல்லினுள் 1000 மைக்கிரோசெக்கன் அலைந்த பின்னலையோ 1 மைக்கிரோசெக்கன் பிந்தும். மாற்றம் ஒன்றே, நடந்த வழி நூறு மடங்கு, ஆதலிற் சான்றும் நூறு மடங்கு.

புவியும் ஒரு திண்பொருளே. நிலநடுக்கப் பதிவின் வாற்பகுதி புவியோட்டிற் சிதறிய அலைகளே என 1969 இல் யப்பானிய அறிஞர் அக்கி விளக்கினார். 2002 இல் சினீடரும் துணைவரும் கருங்கல்லைச் சூடாக்கி, பின்னலையின் பிந்துதல்கொண்டு வேகமாற்றத்தை மதிப்பிட்டனர்.

எனினும் புகழ்ச்சி அளவோடிருத்தல் வேண்டும். பொருளெங்கும் வேகம் ஒருபடித்தாய்க் குறையின் பிந்துதல் காலத்தோடு சீராக வளரும். சிதறச்செய்யும் கூறுகள் ஒழுங்கின்றி இடம்பெயரின், சில அலைகள் முந்தும், சில பிந்தும், சராசரி பூச்சியமாகவே நிற்கலாம். இவ்விரண்டையும் பிரித்தறியாது, ‘பின்னலை மாறிற்று, ஆகவே வெடிப்பு உண்டாயிற்று’ எனத் துணிதல் முறையன்று, வெப்பநிலை மாறினும் பின்னலை மாறும். கொங்கிறீற்றுக் கட்டுமானங்களின் உறுதியை இம்முறையாற் சோதிக்க முயலும் இந்நாளில், இத்தகைய துணிபு நல்லதைப் பழுதெனவும் பழுதை நல்லதெனவும் காட்டிவிடும்.

ஆகவே, சிறியதெனத் தள்ளுமுன் அஃது எவ்வளவு காலம் கூடி வளரும் எனவும், பெரிதெனக் கொள்ளுமுன் அஃது எதனால் விளைந்தது எனவும் வினவ மாணவரைப் பழக்குதல் ஆசிரியர் கடனாகும்.