துணியில் எழுதப்படாத பெயர்

அரபு மொழியில் 'திராஸ்' என்றொரு சொல் உண்டு. பாரசீகத்திலிருந்து அங்கு வந்தது. ஆட்சியாளரின் பெயர் பொறித்த ஆடைக் கரையையும், அத்தகைய துணி நெய்யும் அரசுப் பட்டறையையும் அது குறித்தது. இப்னு கல்தூன் (1332–1406) தமது 'முகத்திமா'வில் அரசதிகாரத்தின் சின்னங்களை வரிசைப்படுத்தும்போது நாணயம், முத்திரை ஆகியவற்றோடு திராஸையும் வைத்துப் பேசுகிறார். இன்று எஞ்சியுள்ள திராஸ் துண்டுகளில் கலீஃபாவின் பெயரைக் காண்கிறோம். பலவற்றில் அமைச்சரின் பெயரும், நெய்த ஊரும், ஹிஜ்ரி ஆண்டும் உள்ளன. நெய்தவரின் பெயரோ பொதுவாகக் கிடைப்பதில்லை.

இது பழங்கதை அன்று. கொங்கு நாட்டில் ஒரு திருமண மண்டபத்தின் வாயிலில் சிறிது நேரம் நின்றால் போதும். வருவோர் எக்கட்சியினர் என்பதை வேட்டியின் கரை நிறமே சொல்லிவிடும். கரை வேட்டி, எழுத்தில்லாத திராஸ். ஆகவே, துணி அரசியல் பேசுவது நமக்குப் புதிதன்று. ஆனால், அது பெரும்பாலும் பற்றுறுதியையே பேசி வந்துள்ளது. எதிர்ப்பைப் பேசிய தருணங்களும் உண்டு. 1932 ஜனவரியில் திருப்பூரில் தடியடிபட்டு உயிர்நீத்த குமரனின் கையில் இருந்ததும் ஒரு துண்டுத் துணிதான்.

இக்காலத் துணிக்கலை, அதிகாரத்தின் பெயரைத் தாங்கிய கரையில் அதிகாரத்தால் விடுபட்டோரின் பெயரை எழுத முனைகிறது. ஃபலஸ்தீனப் பெண்கள் 1987இல் தொடங்கிய முதல் இன்திஃபாளாவின்போது, கொடி தடை செய்யப்பட்டிருந்த நிலையில், அதன் நிறங்களையும் நாட்டின் வரைபடத்தையும் தம் ஆடையின் பூவேலையிலேயே தைத்துக்கொண்டனர். 'தத்ரீஸ்' எனும் அப்பூவேலையை யுனெஸ்கோ 2021இல் மானுட மரபுப் பட்டியலில் சேர்த்தது. சிலி நாட்டில் 1973இன் இராணுவப் புரட்சிக்குப் பின், காணாமற்போனோரின் தாய்மாரும் மனைவியரும் சாக்குத் துணிமீது கந்தல்களை ஒட்டுத் தைத்துத் தம் துயரைப் படமாக்கினர். இலங்கையின் ஹேமா ஷிரோனி, இடப்பெயர்வையும் இழந்த வீட்டையும் ஊசி நூலால் துணியில் வரைகிறார். இவற்றிலெல்லாம் ஊசி பிடித்த கைக்கும் சொல்லப்படும் துயருக்கும் இடையே தொலைவு மிகக் குறைவு. துணிக்கலையை மதிப்பிட நாம் கொள்ளும் அளவுகோல் இத்தொலைவே.

இவ்வளவுகோலை நம் பவானி ஜமக்காளத்தின்மீது வைத்துப் பார்ப்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேய ஆலைத் துணி சந்தையை நிறைத்தபோது, பவானி நெசவாளர் தடித்த பருத்தி நூலில் வண்ணப் பட்டைகளைக் கொண்ட இவ்விரிப்பை நெய்யத் தொடங்கினர் என்பர். எனின், இது பிறப்பிலேயே ஒரு பேரரசுக்கு அளிக்கப்பட்ட மறுமொழி. பின்னர் அதுவே ஊர்ப் பஞ்சாயத்தின் விரிப்பாகவும் ஆயிற்று. அதன்மேல் அமர்ந்தவர் தீர்ப்புச் சொன்னார்; அமர இயலாதவர் அதன் விளிம்புக்கு வெளியே கைகட்டி நின்றார். சாதியின் எல்லைக்கோடு அவ்விரிப்பின் விளிம்போடு ஒட்டியே சென்றது. ஒரே துணியில் எதிர்ப்பும் ஒடுக்குமுறையும் இவ்வாறு ஊடும் பாவுமாக அமைந்திருக்க, அதன் நிறப்பொலிவை மட்டும் கண்டு மகிழ்வது அரைகுறை வாசிப்பே.

லண்டன் ஆடை வார விழாவில் வடிவமைப்பாளர் வினோ சுப்ரஜா, ஜமக்காளத்தை ஆடையாக்கி அரங்கேற்றியதோடு, முதிய பவானி நெசவாளர் ஒருவரையும் மேடையில் நடக்கச் செய்தார். இதை எளிதாகத் தள்ளிவிட இயலாது. திராஸில் பெயர் பெறாதவரின் முகம் இங்கே வெளிச்சத்துக்கு வந்தது. மேடையில் வடிவமைப்பாளருக்கு மட்டுமே கைதட்டுவது வழக்கமாயிருக்க, அவ்வழக்கம் ஒரு கணம் மீறப்பட்டது. எனினும், நெசவாளரின் முகத்தைக் காட்டுவது ஒன்று, அவரது வழக்கைக் கேட்பது மற்றொன்று. அவ்வழக்கு, கைதட்டல் ஓய்ந்த பின்னும் பவானியிலேயே கிடக்கிறது.

அது என்ன வழக்கு? 1985இன் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் சில துணி வகைகளைக் கைத்தறிக்கே உரியவை என ஒதுக்கியது. முதலில் 22 வகைகளாக இருந்து பின்னர் 11 ஆகக் குறைந்த அப்பட்டியலில் ஜமக்காளமும் இடம்பெற்றுள்ளது. 2005-06இல் பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆக, பொருளும் பெயரும் இரண்டுமே சட்டத்தின் காவலில் உள்ளன. ஆயினும், விசைத்தறியில் ஓடிய விரிப்புகள் பவானியின் பெயரிலேயே விலைபோவதாக நெசவாளர் பல்லாண்டுகளாக முறையிட்டு வருகின்றனர்.

இங்கே அந்நஹ்ல் அத்தியாயத்தின் 92ஆம் வசனம் நம் நினைவுக்கு வருகிறது. நூற்ற நூலை உறுதியாக்கிய பின் தானே பிரித்தெறிந்த பெண்ணைப் போல் ஆகிவிட வேண்டாம் என அது எச்சரிக்கிறது. மக்காவில் அவ்வாறு வாழ்ந்த ஒரு பெண்ணைப் பற்றி விரிவுரையாளர்கள் குறிப்பிடுகின்றனர். ஆனால் வசனத்தின் பொருள் நூற்பு அன்று, உடன்படிக்கை. ஒரு கூட்டம் மற்றொன்றைவிட வலிமை மிக்கது என்பதற்காக வாக்கை முறிப்பதையே அது கண்டிக்கிறது. எளியோருக்கு அளித்த வாக்கு பிரிக்கப்படுவதைக் காட்ட, பிரிந்த நூலினும் பொருத்தமான படிமம் வேறில்லை. துணிக்கலையின் அரசியல் முழுவதும் இவ்வுவமையில் அடங்கும் என்றே நாம் கருதுகிறோம்.

கொங்கு மண்ணில் போராட்ட நினைவுகளுக்குக் குறைவில்லை. 1946 ஜனவரி 8 அன்று சின்னியம்பாளையத்து ஆலைத் தொழிலாளர் நால்வர் தூக்கிலிடப்பட்டனர். நொய்யலில் கலந்த சாயக்கழிவை முன்னிட்டு 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டபோது, உழவரின் நியாயமும் தொழிலாளியின் பசியும் எதிரெதிரே நின்றன. இவற்றையெல்லாம் சொல்லத்தக்க பொருள் இவ்வூர்களில் மலைபோல் குவிந்திருக்கிறது. அதை நெய்யவும் சாயமிடவும் தைக்கவும் அறிந்த கைகளும் இங்கேயே உள்ளன. அக்கைகள் தமக்கென ஒரு முழம் நெய்து, அதன் கரையில் தம் பெயரையும் ஊரையும் ஆண்டையும் எழுதுமாயின், அதுவே நம் காலத்தின் திராஸ் ஆகும். அதுவரை, ஜமக்காளத்தை விலை பேசும்போது இது எந்தத் தறியில் நெய்தது, யார் நெய்தது என்று கேட்டு வாங்குவது நம்மீதுள்ள கடமை.